பீடத்துணியின் மறுமுனை

என் அண்ணி வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள். கைக்கும் ஓய்வு கிடையாது. நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. கட்டில் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டியதுதான். அவளுக்கு எதிரே நின்றவள் வேறு நாட்டிலிருந்து புருஷன், பிள்ளைகளோடு பிழைக்க வந்தவள். கூடவே நின்று நம் பேச்சையும் பிடித்துக்கொண்டாள். அண்ணி அவளை "எதிர்முனை" என்றே கூப்பிடுவாள். ஞாயிறு பூசையிலும் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிய வாரம், எதிர்முனையின் புருஷனைக் குடியேற்ற அதிகாரிகள் வேலையிடத்து வாசலிலேயே பிடித்துப் போனார்கள். அவளையும் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொல்லி உத்தரவு. போனால் உள்ளேயே வைத்துக்கொள்வார்களோ, போகாவிட்டால் வீடு தேடி வருவார்களோ என்று நடுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் தட்டினாள்.

"அக்கா, நான் திரும்பி வரலைன்னா பிள்ளைங்களைப் பாத்துக்குவீங்களா?" என்றாள் எதிர்முனை.

"பாத்துக்குவேன். ஆனா நீ திரும்பி வருவே. நாங்களும் கூட வர்றோம்."

நாங்களாமே! தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு அண்ணி வீண் வம்பு? நம்ம மேலயும் கண்ணு விழுந்துடும்."

"ஏண்டி, நாமளும் பெட்டியைத் தூக்கிட்டு வந்து இறங்குனவங்கதானே? நமக்குச் சீக்கிரம் அனுமதி கிடைச்சுது, அவளை இழுத்தடிக்கிறாங்க. அவ்வளவுதான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணி எழுந்து விஷயத்தைச் சொன்னாள். "அவங்களுக்காக ஜெபிப்போம்மா" என்றார் சாமியார்.

"ஜெபிப்போம் சாமி. அந்த ஆபீஸ் வாசல்ல நின்னு ஜெபிப்போம். வருவாரு வருவாருன்னு பாடுறோமே, தங்க இடம் கிடைக்காத குடும்பத்துலதானே அவரு வந்து பொறந்தாரு? இந்தக் குடும்பத்தைத் தனியா அனுப்பிட்டு யாருக்குக் குடில் கட்டப் போறோம்?"

சாமியார் தலை குனிந்தார். பிறகு, "நானும் வர்றேன்" என்றார்.

திங்கட்கிழமை பாடகர் குழுவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே நானும் போனேன். காவலாளி எதிர்முனையை மட்டும் உள்ளே விட்டார். பிள்ளைகள் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தார்கள். ஜெபம் முடிந்தது, பாட்டும் முடிந்தது. கதவு திறக்கவில்லை. "பஸ் போயிடுமே" என்று யாரோ மெல்ல இழுத்தார்கள்.

அண்ணி தன் பையிலிருந்து வெள்ளைத் துணியை உருவினாள். கிறிஸ்துமஸுக்குப் பீடத்தில் விரிக்கிற துணி; துவைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. காலையில் கொடியிலிருந்து எடுத்து அப்படியே சுருட்டி வந்திருக்கிறாள்.

"சும்மா நின்னா பயம்தான் வரும். பிடிடி இந்தப் பக்கம்."

பிடித்தேன். நடுவில் தொய்ந்தது.

"தூக்கிப் பிடி! கீழே பட்டுச்சு, தோலை உரிச்சிடுவேன்."

அதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை நடுங்கியது, துணி வழியாக எனக்குத் தெரிந்தது. அடி என் அண்ணி, உனக்குமா பயம்! கைகளை உயர்த்தி இறுக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. எதிர்முனை வந்தாள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அவர்களை இடுப்போடு இழுத்துக்கொண்டே வந்து, என் கையிலிருந்த முனைகளை வாங்கினாள். இருவரும் உதறி, எதிரெதிரே நடந்து மடித்தார்கள்.

"அடுத்த மாசமும் வரணுமாம் அக்கா. அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"வந்தாப் போச்சு. சொல்ற வரைக்கும் கேப்போம்."

"அடுத்த மாசம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டது நான்தான்.