கரிக்கும் பித்தளை

மீமிசலில் ஒரு வள்ளத்துக்குச் சோதனையாக எஞ்சின் பூட்டினோம். புரொப்பெல்லர் வார்க்கப் பித்தளை தேடி, புதுக்கோட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொரு துண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தே கொடுப்பார். உடைந்த குத்துவிளக்குகளைத் தந்தார். மூலையில் கிடந்த படகுச் சாமான்களைத் தர மறுத்தார்.

"கரிக்குதுங்க. ஆளில்லாம கரை ஒதுங்குன படகுல கழட்டுனது. திரும்பக் கடலுக்குப் போனா, அதுல போனவரத் தேடிப் போயிரும்."

நான் சிரித்தேன்.

வெள்ளோட்டம் நன்றாகவே நடந்தது. புரொப்பெல்லரில் மட்டும் விரிசல். புதிதாக வார்க்க வேறு பித்தளை கேட்டு, விரிசல் விட்டதையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நாக்கில் வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் கரிக்குதுங்க. இதுல போனது யாருங்க?"

"எல்லாரும் திரும்பிட்டோமே."

அவர் அதைப் படகுச் சாமான்கள் கிடந்த அந்த மூலையில் வைத்துவிட்டார்.

அன்று வள்ளத்தில் ஏறிய முகங்களை இன்னமும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.