சித்தியின் எண்ணெய்க் கை

தருமபுரி ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டில்காரிக்கு ஒரு பெண் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தாள். மாத்திரையோடு வந்த நர்ஸ் ஆமென் சொல்லும்வரை நின்றாள். நல்லெண்ணெய் வாசனை என்னை என் ஒன்பதாவது வயதுக்கு இழுத்துப் போனது.

கம்பைநல்லூரில் எனக்கு டைபாய்டு. கம்பவுண்டரான அப்பா வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார். அவர் வேலைக்குப் போனதும் சித்தி வந்து, எண்ணெய் பூசி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபிப்பாள். அவள் கை பட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அந்த மாதிரி ஜெபம் வேண்டும், வேண்டாம் என்று எங்கள் சபை ஏற்கெனவே இரண்டுபட்டுக் கிடந்தது. எனக்குக் குணமானபின் வந்த ஞாயிறு என்னைச் சாட்சி சொல்ல நிறுத்தினார்கள்.

"எதுல சொகமாச்சு, சொல்லு கண்ணு. மாத்திரையிலயா, உங்க சித்தி ஜெபத்துலயா?" என்றார் மூப்பர்.

இரண்டிலும்தான். எனக்குத் தெரியும். அப்பா என்னையே பார்த்தார்.

"மாத்திரைலதாங்க."

யாரோ சிரித்தார்கள். சித்தி பாயிலிருந்து எழுந்தாள், அவள் பின்னால் பாதி சபை எழுந்தது. வாசலில் அவர்கள் செருப்பு தேடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அவர்கள் வரவேயில்லை.

நர்ஸ் என்னிடம் வந்தாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு, "ஜெபிச்ச அந்தம்மாவையும் கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்" என்றேன்.

அதற்குள் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தாள்.