பாட்டு லைன்

என் காரின் ரேடியோ காரோடு கூடவே பிறந்தது. டேஷ்போர்டின் வளைவுக்கு ஏற்ப வளைந்து உட்கார்ந்திருக்கும்; அதைப் பிடுங்கினால் வண்டிக்கு மூக்கு போன மாதிரி இருக்கும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு சிடியை விழுங்கியது. இன்று வரை திருப்பித் தரவுமில்லை, பாடவுமில்லை. எஃப்.எம். மட்டும் வரும். எனக்கு அது போதும். ஓயாமல் பேசிக்கொண்டே, பதிலும் எதிர்பார்க்காத துணை இந்த வயதில் எளிதில் அமைவதில்லை.

என் மனைவிக்குத்தான் போதவில்லை. ராசிபுரத்தை அடுத்த அவளது பிறந்த ஊரில் வள்ளி கும்மிப் பயிற்சி ஆரம்பித்ததிலிருந்து, ஞாயிறுதோறும் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அவளை ஓட்டிக்கொண்டு போவது என் வேலை. அவளுக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்திருந்தது. ஒரே ஒரு பாட்டில்தான் சிக்கல். எல்லோரும் இரண்டடி பின்னால் வைக்கும்போது இவள் மட்டும் முன்னால் போவாள். நேராகப் போய், எதிரே நிற்கும் ஆசிரியரை முட்டுவாள்.

மூன்றாவது முட்டலுக்குப் பிறகு அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அரங்கேத்தத்துக்குள்ள அந்த அடி வரலீன்னா, கடைசி வரிசைக்குப் போயிருங்கம்மா. அங்கிருந்து வந்தா என்னைய முட்ட மாட்டீங்க."

அரங்கேற்றம் அடுத்த ஞாயிறு. எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அவரு அனுப்புன பாட்டெல்லாம் என் போன்ல இருக்குது. போற வழியில கேட்டுக்கிட்டே போனா கால் தானா பழகிக்கும். இந்த டப்பாவுல அதப் பாட வைக்க முடியுமா, முடியாதா?"

முடியும் என்று நான் படித்திருந்தேன். படித்திருப்பதுதான் என்னிடம் உள்ள குறையே. பழைய ரேடியோவிலும் ஆக்ஸ் என்று ஒரு வழி வைத்து, போனிலிருந்து ஒயர் இழுத்துச் செருகிக்கொள்ளலாம். சேலத்துக் கடைகளில் கேட்டால், "அதக் கழட்டி வீசிட்டு டச் ஸ்கிரீன் போடுங்க சார்" என்றார்கள். கடைசியில் ஒரு நண்பர் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒருவரிடம் அனுப்பினார். சனிக்கிழமை காலை, மனைவிக்குச் சொல்லாமல், அவளுடைய பாட்டுகளை என் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பட்டறையில் வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே என் கார், கல்யாணப் பந்தியில் தனியாக உட்கார வைக்கப்பட்ட குழந்தை போல நின்றது.

"ஆக்ஸ் போடணுங்க" என்றேன்.

எலக்ட்ரீசியன் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "ஆக்சில் நல்லாத்தானுங்க இருக்குது."

"ஆக்சில் இல்லீங்க, ஆக்ஸ். போன்ல இருக்கற பாட்டு வண்டியில வரணும்."

"அட, பாட்டு லைனுங்களா! அதச் சொல்லுங்க மொதல்ல." அவர் முகம் மலர்ந்தது. "நம்மகிட்ட ரெடிமேட் பாட்டே இருக்குதுங்களே. சாமி பாட்டு, குருவிச் சத்தம், கொழந்தை அழுவறது…"

குழந்தை அழுவதை யார் விரும்பிக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. லாரிக்காரர்களின் ரசனை தனி என்று எண்ணிக்கொண்டேன். "வேண்டாங்க, சொந்தப் பாட்டு இருக்குது. கும்மிப் பாட்டு."

"அது இன்னும் விசேசம். பின்னாடி ஆளுக்கு நல்லாக் கேக்கோணுமில்லீங்க?"

"ரொம்ப முக்கியம்" என்றேன். மனைவி பின்சீட்டில்தான் உட்காருவாள். முன்சீட்டில் கும்மி தட்டிப் பார்த்து ஒரு தடவை கியரையே நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கிறாள்.

தமிழிலக்கியம் படித்தவன் நான். ஒரே சொல் இரண்டு பொருள் தரும்படி பாடுவதற்கு இரட்டுற மொழிதல் என்று பெயர் என்பதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். அந்தப் பட்டறையில் நாங்கள் இருவரும் கால் மணி நேரம் இரட்டுற மொழிந்துகொண்டிருந்தோம், படித்த எனக்கே அது தெரியவில்லை.

போனை அவரிடம் கொடுத்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் கும்மிப் பாட்டு சாலை வரைக்கும் கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ நானே பாடியது போல அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். முதலில் மனைவிதான் கேட்க வேண்டும் என்று, வழியில் ஒயரைச் செருகாமலே வீடு வந்தேன்.

வீட்டு முன் வண்டி நிறுத்தும் இடம் குறுகல். பின்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். ஒயரைச் செருகி, பாட்டைப் போட்டேன். எஃப்.எம்.மில் ஒரு பெண் தைல விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தாள். போச்சுடா என்று ரிவர்ஸ் போட்டேன். தைலம் நின்றது. மத்தளம் முழங்கியது. மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, நம்ம பாட்டு!"

வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்குக் கொண்டு வந்தேன். தைலம். ரிவர்ஸ். மத்தளம். முதல் கியர். தைலம். அவள் கரண்டியைத் தாழ்த்தினாள்.

எலக்ட்ரீசியனைப் போனில் கூப்பிட்டேன்.

"ரிவர்ஸ் போட்டாப் பாடுதுங்களா?"

"பாடுது."

"அப்பறம் என்னங்க?"

"முன்னாடி போறப்பப் பாட மாட்டேங்குதே!"

"முன்னாடி போறப்ப எதுக்குங்க பாட்டு? நீங்கதான் பாத்து ஓட்டுறீங்களே! பின்னாடி நிக்கறவன் ஒதுங்கறதுக்குத்தானுங்க பாட்டு லைனே." என் குறையைத் தவறாகப் புரிந்துகொண்டு, "சத்தம் பத்தலீன்னாக் கண்ணாடிய எறக்கி உட்டுக்கங்க" என்றார்.

ரிவர்ஸ் விளக்கின் ஒயரிலிருந்தே இணைப்புக் கொடுத்திருந்தார். லாரிகளின் ஊரான நாமக்கல்லில் வண்டிக்குப் பாட்டு என்றால், பின்னால் வரும்போது ஒலிக்கும் எச்சரிக்கைப் பாட்டு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. திங்கட்கிழமை வந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். அரங்கேற்றமோ மறுநாள்.

நான் மன்னிப்புக்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ரிவர்ஸ் போடுங்க."

"எங்க போறது?"

"எங்கயும் போவ வேண்டாம். எஞ்சினை நிறுத்திட்டுப் போடுங்க."

சாவியைப் போட்டு, கைபிரேக்கை இழுத்து, ரிவர்ஸில் நிறுத்தினேன். வண்டி நகரவில்லை, பாட்டு வந்தது. மறுநாள் போகிற வழியிலும் மரநிழல் கண்ட இடமெல்லாம் நிறுத்தி இதையே செய்தோம். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் எங்கள் வெள்ளை ரிவர்ஸ் விளக்கைப் பார்த்துவிட்டு, நாங்கள் பின்னால் வரப் போகிறோம் என்று வெகுநேரம் பொறுமையாகக் காத்து நின்றார்.

ஊர் மைதானத்தில் மைக் செட் இன்னும் இறங்கவில்லை. ஆசிரியர் சாயங்காலத்துக்காகத் தொண்டையைச் சேமித்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்க்கப் பாட்டு இல்லை. "எங்க கார்ல வரும்" என்றாள் மனைவி, டச் ஸ்கிரீன் வைத்திருப்பவள் போல.

மைதானத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து, ரிவர்ஸ் போட்டேன்.

"ஏனுங், பாத்துங்க! பொம்பளைங்க நிக்கறாங்க!" என்று யாரோ அலறினார்கள்.

"வண்டி வராது, பாட்டுத்தான் வரும்" என்று என் மனைவி எனக்காகச் சாட்சி சொன்னாள்.

நாற்பது பெண்கள் என் காரைச் சுற்றி வந்தார்கள். இறங்கலாமா என்றால் வட்டத்தில் இடைவெளி இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தேன். "உற்சவர் மாதிரி இருக்கறீங்க மாப்பிள்ளை, சூடம் காட்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு அம்மாள் கடந்து போனார்.

அந்தப் பாட்டு வந்தது. அந்த அடியும் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் பின்னால் போனார்கள். என் மனைவியும் போனாள், மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்பாகவே.

சாயங்காலம் மேடை விளக்குகளின் கீழ், முதல் வரிசையில், அதையே மறுபடி செய்தாள். ஆசிரியர் எதற்கும் இருக்கட்டும் என்று ஓரடி தள்ளியே நின்றார். தேவைப்படவில்லை.

"எப்படி வந்துச்சு?" என்று பிறகு கேட்டேன்.

"அந்தப் பாட்டக் கேட்டாலே பின்னாடி போற நெனப்புத்தான் வருது. ரிவர்ஸ்ல இல்லாம வேறெப்படிக் கேட்டேன் நான்?"

கிளம்பும்போது வண்டியைத் திருப்ப மைதானத்தில் தாராளமாக இடம் இருந்தது. அவள் முன்சீட்டில் ஏறி ஒயரைச் செருகினாள். நான் தலையை வெளியே நீட்டி, ரிவர்ஸ் போட்டு, தார்ச்சாலை வரைக்கும் மண்பாதையில் அப்படியே பின்னால் போனேன். நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் இருபுறமும் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். ஒதுங்க வேண்டும் என்பதுதானே அந்தப் பாட்டின் நோக்கம்.

திங்கட்கிழமை நாமக்கல் போகவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டது.