சிவப்புக் கோடு விழுந்த ஆணை

என் அம்மாவின் தம்பி நகராட்சியில் எழுத்தர். தொற்றுக் காலத்தில் மேலிடத்திலிருந்து நாளுக்கு இரண்டு அவசர ஆணை, மூன்று வழிகாட்டுதல் என்று வந்து குவியும். அத்தனையையும் படித்து, எங்கள் ஊருக்குப் பொருந்துவதை ஒரே பக்கத்தில் சுருக்கி, ஆணையரிடம் கையெழுத்து வாங்கித் தெருக்களுக்கு அனுப்புவது மாமாவின் வேலை. ஆணையர் எதையும் படிக்க மாட்டார். மாமா படித்துவிட்டால் அவருக்கும் படித்த மாதிரிதான்.

எனக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. திறந்திருந்தபோது என்ன கிழித்தாய் என்று கேட்காதீர்கள். பொழுது போகாமல் ஒருநாள் மாமாவின் காகிதக் கட்டுக்குள் நானே ஓர் ஆணையைச் செருகி வைத்தேன்: ‘மறு உத்தரவு வரும்வரை இவ்வீட்டில் காலை எட்டு மணிக்கு முன் எவரையும் எழுப்பக் கூடாது.’ மாமா திட்டவில்லை. ‘எண் இல்லை, தேதி இல்லை, செல்லாது’ என்று ஓரத்தில் எழுதி என் தலையணைமேல் வைத்துவிட்டு, ஆறு மணிக்கு எழுப்பினார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். புது ஆணை வந்ததும் பழையதன்மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு இழுத்து, மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுவார்கள். கோடு விழுந்த தாளை அப்புறம் யாரும் தொடுவதில்லை.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர் தங்கும். மாமாவும் அவரும் இருபது வருஷமாகச் செஸ் ஆடுகிறவர்கள். ஆடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

எங்கள் தெருவில் நான்கு பேருக்குத் தொற்று என்றதும் முனையில் தகரம் அடித்து வழியை அடைத்தார்கள். அங்கே நின்ற போலீஸ்காரர் கையில் மாமா தயாரித்த பட்டியல். மாமா மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் தவிர, பிரசவம், மாரடைப்பு, விபத்து, டயாலிசிஸ் இவற்றுக்கு மட்டும் வழி விடலாம். முதல் வாரம் கண்டக்டர் சிக்கலில்லாமல் போய் வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரே நாளில் மூன்று ஆணைகள். அலுவலகத்தில் பதினோரு பேரில் எட்டுப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மாமா பழைய ஆணையில் கோடு போட்டார், புதியதைப் பார்த்துப் பட்டியலைத் திரும்ப அடித்தார். செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர் கண்டக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். புதுப் பட்டியலில் டயாலிசிஸ் இல்லை.

மாமா எங்கள் வாசலில் நின்றபடியே, மேலேயிருந்து வந்தது அப்படி, வெள்ளிக்குள் மாற்றிவிடுவார்கள் என்று சமாதானம் சொன்னார்.

“சில்லறை இல்லன்னு எத்தனையோ பேர இறக்கி விட்டிருக்கேன். இப்ப நீ என்னை இறக்கி விடறியா?” என்று சிரித்தார் கண்டக்டர். கால் வீங்கி அவருக்குச் செருப்பு நுழையவில்லை.

வெள்ளிக்கிழமையும் திருப்பினார்கள். சனிக்கிழமை அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறும் சத்தம் எங்கள் கூடம்வரை கேட்டது. மாமா சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து அலுவலகத்துக்குப் போய், மூட்டையை அவிழ்த்து, கோடு போட்ட தாளையும் புதியதையும் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்.

“இத நீ படி. நான் படிச்சா என்னால நம்ப முடியல.”

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ‘முந்தைய ஆணையின் நான்காம் பத்திக்கு மட்டும் பதிலாக இது வெளியிடப்படுகிறது.’ நான்காம் பத்தியில் கடை நேரமும் பிரசவம், விபத்து மாதிரி அவசரங்களும். டயாலிசிஸ் இருந்தது ஆறாம் பத்தியில். அதை அரசு ரத்து செய்யவே இல்லை. செய்தது மாமாவின் சிவப்புப் பேனா.

ஆணையரும் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தார்; போன் எடுக்கவில்லை. மாமா மறுபடி ஓடினார். பட்டியலைத் திருத்தி அடித்து, ஆணையர் கையெழுத்தைத் தானே போட்டு முத்திரை குத்தினார். என் கள்ளக் கையெழுத்தெல்லாம் மதிப்பெண் அட்டையோடு சரி. இவர் போட்டதற்குப் போலீஸ்காரர் சல்யூட் அடித்துத் தகரத்தை நகர்த்தினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தும் கண்டக்டர் திங்கட்கிழமை காலையில் இறந்துபோனார்.

பத்து நாள் கழித்து விசாரணை வந்தது. செத்தவரைப் பற்றி அல்ல, கையெழுத்தைப் பற்றி. அதற்குள் தேறி வந்திருந்த ஆணையர் நல்ல மனுஷர்தான். போனில் நான் அனுமதி கொடுத்தேன் என்று எழுதிவிடு, நானும் ஆமாம் என்கிறேன், கோப்பை மூடிவிடலாம் என்றாராம். டயாலிசிஸ் விடுபட்ட பட்டியலை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று போட்டிருந்தது. அதிலும் பொய் இல்லை.

மாமா விளக்கத்தை இரண்டு பக்கம் எழுதினார். முதல் பக்கத்தில் கையெழுத்து விவகாரம். இரண்டாவதில் அந்தக் கோடு, நான்காம் பத்தி, ஆறாம் பத்தி. வேலை போய்விடும் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாமா தாளை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். கண்டக்டரின் மனைவி நிலைப்படியில் நின்றே இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“அப்ப செவ்வாய்க்கிழமையே போயிருக்கலாமா தம்பி?”

“போயிருக்கலாம்க்கா.”

அவர் தாளை மடித்து நீட்டினார்.

“எனக்கு மன்னிக்கத் தெரியல. நீ இத ஆபீஸ்ல குடுத்துடு.”

அன்றே கொடுத்துவிட்டார். வேலை போய், இப்போது மாமா வீட்டோடுதான் இருக்கிறார். எதிர் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறார். நானும் வாய்க்கு வந்ததை உளறிக்கொண்டே அவர் பின்னால் போய்விடுகிறேன்.