"நோய் இல்லை" என்று எழுத மறுத்தவள்

போன மாசியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே என் மனைவி எஸ்தர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மலைமேல் நம் புதூர்நாட்டிலிருந்து என் ஜீப்பிலேயே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், மழைக்காலம் வரை தள்ளக்கூடாது என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏன் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், தேவ பிள்ளைகளே. அரசுக் காப்பீட்டு முகாமுக்கு ஊராரை ஏற்றிக்கொண்டு போனவனே நான்தான். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அந்த ஞாயிறு இதே சபையில் எழுந்து, "எனக்குக் கர்த்தரே காப்பீடு" என்று சாட்சி சொன்னேன். நீங்களும் அல்லேலூயா என்றீர்கள். அதை விசுவாசம் என்று நினைத்தேன். அது வெறும் வீம்பு.

டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று மலை ஏறும் வழியெல்லாம் அழுதேன். ஜெபிக்க வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தெரிந்தவர் மூலமாக ஒரு தனியார் பாலிசி ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டிவரும் என்றார். முன்பு நான்கு வருடமாம், புது விதியில் குறைத்திருக்கிறார்களாம். எஸ்தருக்கு மூன்று மாதமே பெரிது. அவர் விண்ணப்பத்தை நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் கட்டத்துல நோய் இல்லன்னு டிக் போட்டுடுங்கண்ணே. யார் வந்து பாக்கப்போறாங்க?" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்துவிட்டேன். எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"இன்னாங்க இது? பொய்ய எழுதி வெச்சுட்டு, அது மேல எப்டிங்க ஜெபம் பண்றது?"

"நீ செத்துப்போனா நான் இன்னா பண்றது?" என்று கத்தினேன்.

"ஆண்டவர்கிட்ட கேக்கலாம். கேட்டுட்டு, போய்த் தேடலாம்" என்றாள்.

ஏஜென்டை அனுப்பிவிட்டோம். இருவரும் மூன்று நாள் ஜெபித்தோம். முதல்முறையாக, "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வழி காட்டும்" என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை சுகாதார நிலைய நர்ஸம்மா என் ஜீப்பில் ஏறினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முகாம் போனா போவுதுங்கண்ணா. கலெக்டர் ஆபீஸ்ல இப்பவும் அட்டை எடுக்கலாம். முன்னாடியே இருக்கிற நோவுக்கும் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு அக்காவோட போங்க" என்றார்.

வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன். கர்த்தர் பேசிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஓயவில்லை. வருமானச் சான்றுக்கு நான்கு முறை அலைந்தேன். அட்டை எடுக்கும் நாளில் எஸ்தரை ஜீப்பில் படுக்கவைத்துத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனேன். அட்டை வந்தது. அந்த வால்வு ஆபரேஷன் அதில் உண்டா, எந்த மருத்துவமனையில் செல்லும் என்று நானே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வைகாசியில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும், "சாப்ட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

இன்றும் அட்டை இல்லாமல் நம் சபையில் ஆறு குடும்பம் இருக்கிறது. அன்று முகாமுக்கு வராத நீங்கள், என் சாட்சியைக் கேட்டுத்தான் பிறகும் எடுக்காமல் விட்டீர்கள். என்னை மன்னியுங்கள். நான் நம்பிய தேவனை நீங்களும் நம்புங்கள். அவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுந்து நடங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு என் ஜீப்புக்கு வந்துவிடுங்கள், வருமானச் சான்று வாங்க நானே கூட்டிப்போகிறேன். கூட எஸ்தரும் வருகிறாள்.