முதல் பயணி

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், மலையிறங்கி வந்த பஸ்ஸிலிருந்து பிரேக் கருகிய வாடை அடித்தது. அப்பா இறந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நடந்தது இது. அப்பா தன் பட்டறையில் கட்டிய முதல் பஸ்ஸைப் பொன்முடிக்கு வெள்ளோட்டம் விட்டார். உள்ளூர்க்காரர் கட்டிய வண்டியை நம்பி மலையேற யாரும் வரவில்லை. அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"பிள்ளையோட நீ எதுக்கு? இறங்கு," என்றார் அப்பா.

"நாங்களே ஏறலேன்னா வேற யாரு ஏறுவா? வண்டிய எடுங்க."

திரும்பி இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் இதே வாடை பஸ் முழுக்க நிறைந்தது. அம்மா என் விரல்கள் வலிக்கும்படி இறுக்கியிருந்தாள். அடிவாரத்தில், கல்லாறு கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி அப்பா திரும்பிப் பார்த்தார்.

"பேடிச்சுப் போயிட்டியா? ரொம்பப் பயமா இருந்துச்சா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுது," என்றாள் அம்மா, அங்கிருந்த கடைக்காரர்களுக்கும் கேட்கும்படி.

மறுநாள் எஸ்டேட் ஆட்கள் ஏறினார்கள். பிறகு பட்டறை இருந்த இடத்தில் பஸ் கட்டும் தொழிற்சாலை வந்தது. அப்பா பெரிய முதலாளியானார்.

பத்திரிகைகளில் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை; அழுகையும் வரவில்லை. என் பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன்.