ஓர் இரவு குறைந்த வருடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்தாறுமூலையில் ஓர் ஆய்வுக்குழுவுக்காக வாவியின் நீர்மட்டத்தைக் கணக்கிடும் புரோகிராம் எழுதுவது என் வேலை. அன்று புரோகிராம் ஓடாமல் நின்றுகொண்டு, இரண்டு வரிசைகளின் அளவும் பொருந்தவில்லை என்று ஒரே பிடியாகச் சொன்னது. காலை அளவுகள் 365. இரவு அளவுகள் 364.

"இந்த முப்லிஹா ஒரு ராவு ஏமாத்திப்போட்டா" என்று கத்தினேன்.

முப்லிஹா ஏறாவூரில் அபாயா அங்கி தைப்பவர். கணவர் கட்டாரில் வேலை. வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஐம்பது அடி எடுத்துவைத்தால் வாவி. அங்கேதான் எங்கள் அளவுகோல் நடப்பட்டிருக்கிறது. காலையில் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு ஒரு தடவை நீர்மட்டத்தைப் பார்த்து எழுதவேண்டும். காலைக்கு ஒரு கொப்பி, இரவுக்கு ஒரு கொப்பி. திகதி போடமாட்டார், கிழமை மட்டும்தான். தம்பியின் கலியாணத்தன்றும் பட்டுச் சேலையோடு போய்ப் பார்த்தவர். கோலின் பெயின்ட் உரிந்தபோது தையல் டேப்பைக் கட்டி அளந்தவர். "வாவிக்கும் நான்தான் அளவெடுக்கிற" என்று வீதியெல்லாம் பெருமை பேசுவார். அவரைச் சிபாரிசு செய்தது நான்.

கொப்பிகளைக் கணினியில் ஏற்றித் திகதி போட்டதும் நான்தான். 2025 ஜனவரி முதலாம் திகதி புதன்கிழமை. காலைக் கொப்பி புதனில் தொடங்கியது. இரவுக் கொப்பியோ வியாழன் இரவில். முதல் இரவை அவர் எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதனால் கடைசி இரவு அடுத்த வருடத்துக்குள் போய்விட, புரோகிராம் அதை வெட்டிவிட்டது.

அவசரத்தில் முதல் காலையையும் வெட்டினேன். 364க்கு 364. புரோகிராம் சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் வந்த படத்தைப் பார்த்தால் சிரிப்பாக இருந்தது. டிசம்பரில் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு விட்ட தண்ணீர் காலையில் இறங்குகிறது, அன்றிரவே திரும்ப ஏறுகிறது, மறுநாள் காலை மறுபடியும் இறங்குகிறது! ஆய்வுக்குழுவை நடத்தும் பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டில இருந்து நினைச்சபடி எழுதியிருக்கிறா. இந்த வருசத்துக்கு வேற ஆளைப் பாருங்க, நிலக்சி."

அன்று வியாழக்கிழமை. சண்டை பிடிப்பதற்கென்றே ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். விஷயத்தைக் கேட்டதும் முப்லிஹாவின் முகம் வாடிவிட்டது.

"அல்லாஹ்வே! ஒரு ராவும் நான் உடல்ல மிஸ். காய்ச்சலோடயும் போய்ப் பாத்த நான். இந்த வேலய என்னட்ட இருந்து எடுத்துராதீங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாயை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மஃரிப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்தவர், டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாவிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கோலைக் குனிந்து பார்த்தார், கொப்பியில் எழுதினார்: வெள்ளி இரவு.

"இண்டைக்கு வியாழன்தானே?" என்றேன்.

"பகல்தான் வியாழன். மஃரிபு ஆனா வெள்ளி ராவுதானே மிஸ்? எங்கட ஊரில சின்னப் புள்ளைக்கும் தெரியுமே!"

எங்கள் ஊரான களுதாவளையில் வெள்ளி இரவு என்றால் வெள்ளிப் பகலுக்குப் பிறகு வருவது. முப்லிஹாவுக்கு அது வெள்ளிப் பகலுக்கு முன்னால் வருவது. அவர் எழுதிய முதல் வியாழன் இரவு, என் கணக்கில் புதன் இரவு. ஓர் இரவும் குறையவில்லை. வருடம் முழுக்க எல்லா இரவையும் ஒரு நாள் தள்ளிவைத்தவள் நான்.

தையல் மேசையில் கறுப்புத் துணிகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். இரவுத் திகதிகளில் ஒரு நாளைக் கழித்தேன். 365, 365. முகத்துவாரம் வெட்டிய தண்ணீரும் ஒழுங்காக இறங்கிக் கடலுக்குப் போனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் முப்லிஹாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

அங்கிருந்தே பேராசிரியருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "ஆளை மாத்துறதெண்டா என்னைத்தான் மாத்தோணும், சேர்."

அவர் சிரிப்பது கேட்டது. "வேணாம், நீங்களும் இருங்க. அவவே எழுதட்டும்."

முப்லிஹா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இனி திகதியும் போடுறன் மிஸ். ஆனா வெள்ளி ராவ வியாழன் எண்டு மட்டும் எழுதமாட்டன்."

"எழுத வேணாம்" என்றேன். "ஒரு நாளப் புரோகிராம் கழிக்கும்."